பீரோவில் இருந்த கொடி

இருட்டுக்குள் கப்பி உருளும் சத்தம் கேட்டது. எங்கள் தெருவில் கிணறே கிடையாது.

கைப்பிள்ளை ரோஷனைத் தோளில் போட்டுக்கொண்டு சன்னலைத் திறந்தேன். தெருவிளக்கை அணைத்துவிட்டிருந்தார்கள். எதிரே முச்சந்தியில், புதிதாக நட்ட கம்பத்தைச் சுற்றி ஆட்கள். செல்போன் வெளிச்சத்தில் அந்தக் கொடி ஏறிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊர் செபஸ்தியார் திருவிழாவின் பழைய கொடி. சிலுவைக்குக் கீழே மேலத்தெருக்காரர்களின் சாதிப் பேரைத் தைத்திருப்பார்கள். நான் சிறுமியாக இருந்தபோது அதைப் பிடித்துக்கொண்டுதான், சப்பரம் கீழத்தெருவுக்குள் போகக்கூடாது என்று மறித்தார்கள். கல் பறந்தது. என் அப்பாவுக்கு ஒரு கண் போனது. அன்றைக்குக் கோயில் பீரோவில் வைத்துப் பூட்டிய கொடி.

நான் கீழத்தெருப் பெண். காதலித்து மேலத்தெருவுக்கு வாழ வந்தவள்.

பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, கொடியை ஏத்துறாங்க. யாரையாவது விட்டுத் தடுக்கச் சொல்லுங்க."

"அது நம்ம வரலாறு நான்சி. ஒரு துணிக்குப் போயி எதுக்கு இம்புட்டு நடுங்குற?"

"அந்தத் துணியாலதான் எங்க அப்பா கண்ணு போச்சு."

"பழசைக் கிளறாத தாயி."

"நானா கிளறுறேன்? பீரோவுக்குள்ள கிடந்ததை எடுத்துக் கம்பத்துல கட்டுறது யாரு?"

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

விடிந்தால் கீழத்தெரு சும்மா இருக்காது. கம்பத்தைக் குறிவைத்து வருகிற கல், எங்கள் சன்னலில்தான் விழும். சன்னலுக்கு அடியில்தான் தொட்டில்.

எனக்கிருந்த ஒரே தைரியம், என் வீட்டுக்காரர் ஸ்டீபன்ராஜ். கொடியை மறுபடி ஏற்றும் பேச்சு வந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், அத்தனை மேலத்தெருக்காரர்களுக்கும் முன்னால் எழுந்து நின்றார்.

"எம் பொண்டாட்டி கீழத்தெரு. எம் மகன் ரெண்டு தெருவுக்கும் பேரன். அந்தக் கொடியை ஏத்தணும்னா என்னையத் தாண்டித்தான் ஏத்தணும்."

அந்த ஒரு பேச்சுக்காகத்தான் பங்குச் சாமியார் பீரோ சாவியை அவர் கையிலேயே கொடுத்தார்.

இன்று பொழுது சாயக் கிளம்பும்போதும் சொல்லிவிட்டுத்தான் போனார். "சமாதானக் கமிட்டிக்குப் போறேன். செத்த நேரத்துல வந்துருவேன். கதவைத் தாழ் போட்டுறாத."

பீரோவை உடைத்துத்தான் எடுத்திருக்க வேண்டும். பாவி மனுசங்க, குறுக்கே நின்றவரை என்ன செய்தார்களோ. அவருக்குப் போன் போட்டேன்.

கம்பத்தடியில் ரோஷன் கலகலவென்று சிரித்தான்.

ரோஷன் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் சிரிப்பைப் பதிந்து ரிங்டோனாக வைத்திருப்பவர் ஊரில் ஒருவர்தான்.

சிரிப்பு பாதியில் அறுந்தது. கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"நான்சி, கமிட்டியில இருக்கேன். பயலுக பீரோவை உடைச்சுட்டானுக போல. நீ பயப்படாத, நான் இருக்கேன்ல. இந்தா வந்துட்டேன்."

"வாங்க," என்றேன்.

தொட்டிலை அவிழ்த்து உள்ளறையில் கட்டிப் பிள்ளையைப் போட்டேன். திரும்பி வந்து வாசல் கதவின் மேல்தாழ், கீழ்த்தாழ் இரண்டையும் போட்டேன்.