சிலுப்பனின் கால் சின்னம்

குளத்தங்கரைத் தேர்தலில் எருமையை எதிர்த்து நின்ற சேவல் சிலுப்பன், தன் கால்தடத்தையே சின்னமாக வைத்துக்கொண்டான். கோழிகள் எல்லாம் அவன் பக்கம். ஜெயிப்பது உறுதி.

அந்த நேரம் பார்த்துத் தவளை தொப்பி விற்கக் கிளம்பியது. தொப்பியில் அதே கால், ஆனால் ரப்பர் செருப்பு மாட்டியிருந்தது! குளத்தங்கரையே விழுந்து விழுந்து சிரித்தது.

சிலுப்பனுக்குக் கொண்டை வரைக்கும் கொதித்தது. நேரே ஆமை நீதிபதியிடம் ஓடினான்.

"ஐயா, அது என் சின்னம்! தடை போடுங்க!"

"தவளைக்கு மட்டும் போட்டால் போதுமா?"

"போதாதுங்க. என்னைத் தவிர யாரும், எங்கேயும் அதைப் பதிக்கக் கூடாது!"

"அப்படியே ஆகட்டும்" என்றது ஆமை. சிலுப்பன் குளத்தைச் சுற்றி வெற்றி ஊர்வலமே போய்விட்டான்.

தேர்தல் நாள் வந்தது. பிடித்த வேட்பாளருக்கு முன்னால் இருக்கும் சேற்றில் காலைப் பதிப்பதுதான் அங்கே ஓட்டு. எருமைக்கு முன்னால் ஆடுமாடுகள் மளமளவென்று மிதித்துத் தள்ளின. சிலுப்பனுக்கு முன்னால் வந்த கோழிகளோ, சேற்றோரமாக ஒற்றைக்காலைத் தூக்கிக்கொண்டு நின்றன.

"மிதிங்கடி! ஏன் நிக்கிறீங்க?"

"எப்படிண்ணே? எங்க காலும் அதே மாதிரிதானே இருக்கு! கோர்ட்டுத் தடை இருக்கே!"

ஆமாம் என்று தலையாட்டியது ஆமை. சிலுப்பன் தலைதெறிக்கத் தவளையிடம் ஓடினான்.

"தம்பி, அந்தச் செருப்பு கிடைக்குமா? எல்லாக் கோழிக்கும் வேணும்!"

"அது சும்மா படம்ணே! நிஜத்துல எந்தக் கோழி செருப்பு போடும்?"

குளத்தங்கரை மறுபடியும் சிரித்தது. தூக்கிய காலை இறக்காமலே கோழிகளும் சிரித்தன.