திங்கட்கிழமை மூச்சு

டாக்டரம்மா மூக்கில் கிளிப்பை மாட்டிக்கொண்டாள்.

எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும், மூக்கில் கிளிப் மாட்டினால் கொடியில் காயப்போட்ட துணிதான்.

குழாயை வாயில் கவ்வினாள். முழுசாக இழுத்தாள். ஊதினாள்.

திரையில் எண் விழுந்தது. 2.84.

கிளிப்பைக் கழற்றாமலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது அவளுடைய எண் இல்லை. அவளுக்கு 3.41. மூன்று மாதமாக அதேதான்.

நெஞ்சு நோய்ப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. திங்கட்கிழமை காலையில், நோயாளிகள் வருமுன், நோயில்லாத ஒருவர், மூச்சில் எத்தனை லிட்டர் காற்று என்று அளக்கும் அந்த மெஷினில் ஊத வேண்டும். போன வார எண்ணே வந்தால் மெஷின் சரி. மாறினால் மெஷினில் கோளாறு.

பதினோரு வருஷம் அப்படி ஊதியவள் ஜெசிந்தா. அந்த மெஷினின் டெக்னீஷியன். ஒல்லி உடம்பு. மூச்சு மட்டும் அளந்து வைத்த மாதிரி, வாராவாரம் 2.84.

நோயாளிகளை ஊதவைப்பதிலும் அவளை மிஞ்ச ஆளில்லை. "ஊதுங்க, ஊதுங்க, உள்ள இன்னும் இருக்குதுங்க, உட்றாதீங்க" என்று அவள் போடும் சத்தம் கேன்டீன் வரைக்கும் கேட்கும்.

போன வருஷம் அவள் எண் இறங்கியது. 2.76. 2.65. 2.51. இப்படி எட்டுத் திங்கட்கிழமை.

டாக்டரம்மா மெக்கானிக்கை வரவழைத்தாள்.

"மெசின்ல ஒண்ணும் கோளாறு இல்லீங்க மேடம்" என்றார் அவர். இரண்டாம் முறையும் அதையே சொன்னார். மூன்றாம் முறை அவருக்கே அலுத்துப்போய், கேட்டபடி சென்சாரை மாற்றிவிட்டுப் போனார்.

ஜெசிந்தாவுக்கும் ஒரு திட்டு விழுந்தது. "ஒழுங்கா ஊது ஜெசிந்தா. ஏமாத்தாதே."

வாராவாரம் எண்ணை எழுதிவைக்கும் நோட்டில் எட்டு வாரமும் டாக்டரம்மா கையெழுத்தில் ஒரே வரி. மெஷின் கோளாறு.

ஐப்பசியில் ஜெசிந்தா போய்ச் சேர்ந்தாள். நுரையீரல் நார் படிந்து இறுகிப்போயிருந்ததாம். நுரையீரலுக்கென்றே படித்தவர்கள் இருபது பேர் நடமாடுகிற கட்டடத்தில்.

நமக்கெதற்கு அந்தப் பேச்சு.

அதற்கப்புறம் திங்கட்கிழமை ஊதுவது டாக்டரம்மாவேதான். பழைய நோட்டு அவள் பீரோவில். யாருக்கும் தெரியாது என்று ஒரு நினைப்பு.

மறுபடியும் ஊதினாள். 2.76.

உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மறுபடியும். 2.65.

பீரோவைத் திறந்து நோட்டை எடுத்தாள். அடுத்த எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு ஊதினாள்.

விரல் தொட்ட எண்ணே திரையில் விழுந்தது.

வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்த மாராத்தாள் கதவுக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தாள். எதிரே நின்று யாரோ கையை ஆட்டி ஊதவைக்கிற மாதிரி டாக்டரம்மா தலை ஆடிக்கொண்டே இருந்ததாம். எதிரே யாரும் இல்லையாம். டீ குடித்து முடிக்கிற வரை மாராத்தாள் சொன்னது இவ்வளவுதான். வழக்கமாக அவள் இன்னும் நிறையச் சொல்வாள்.

ஒவ்வொன்றாக, நோட்டில் இருந்த எட்டில் ஏழு வந்துவிட்டது.

எட்டாவதை ஊதாமல் நோட்டை மூடினாள்.

அன்று பத்து மணிக்குப் பயிற்சி. நுரையீரல் ஆய்வில் இருக்கும் பெண்களுக்கான தலைமைப் பண்புப் பயிற்சி, மூன்றாவது நாள், கடைசி நாள். ஹோட்டல் ஹால், ஏசி, முந்திரி பக்கோடா. முன்வரிசையில் மூன்று பேர். ஐந்து வருஷ ஆய்வுத் திட்டம் யார் கைக்குப் போகும் என்று சாயங்காலம் சொல்லப்போகிறவர்கள். இவள் பெயர்தான் முதலில் இருப்பதாகப் பேச்சு.

கடைசி வேலை இது: உங்கள் தோல்வி ஒன்றைச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம்.

இவளிடம் ஒன்று தயார். எப்போதோ ஆய்வுக்குப் பணம் கேட்ட ஒரு விண்ணப்பம் திரும்பி வந்ததும், துவளாமல் மறுபடி எழுதியதும். ஒரு வாரமாகக் குளியலறையில் ஒத்திகை. அந்த ஃபிளாட்டில் குழாய் வழியே எல்லாம் கேட்கும். நான்கு மாடிக்கும் மனப்பாடம்.

வலிக்காத தோல்வி. கைதட்டல் நிச்சயம்.

இன்னொன்றைச் சொன்னால், கண்ணெதிரே இறங்கிய மூச்சைக் கோளாறென்று எழுதியவளிடம் யார் ஆய்வைக் கொடுப்பார்கள்?

மேடை ஏறினாள். அட்டையை எடுத்தாள்.

"மூச்சை நல்லா இழுத்துட்டு ஆரம்பிங்க மேடம்" என்றார் பயிற்சி கொடுக்க வந்த பெங்களூர்ப் பெண்.

இழுத்தாள். "என்னுடைய விண்ணப்பம்" என்றாள்.

அங்கேயே மூச்சு தீர்ந்தது.

மறுபடி இழுத்தாள். மைக்கில் ஒரு சத்தம் வந்தது. பள்ளிக்கூடப் பையின் ஒட்டுப்பட்டையை மெதுவாகப் பிரிக்கிற சத்தம்.

நார் படிந்த நுரையீரல் அப்படித்தான் சத்தம் போடும். ஸ்டெதாஸ்கோப் வைத்தால்தான் கேட்கும்.

ஹாலில் இருந்த அத்தனை டாக்டர்களும் நிமிர்ந்தார்கள்.

பின்வரிசை காலி. இவள் அங்கேயே பார்த்தாள். 'உள்ள இன்னும் இருக்குதுங்க' என்று யாரோ சொல்வதைக் கேட்கிறவள் போலத் தலை ஆடியது.

அட்டையைக் குப்புற வைத்தாள்.

இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார்.

ஜெசிந்தாவின் எட்டாவது எண் மிச்சம் இருந்தது.

கண்ணை மூடி, முழுசாக இழுத்தாள்.