அய்யாசாமியின் தோள்பை

நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. கற்பூரம் எரிகிறது. என் வீட்டுக்காரர் அய்யாசாமி புல்வெட்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

அப்போதுதான் பார்த்தேன், அவர் தோளில் பை இல்லை.

போச்சுடா என்று நினைத்துக்கொண்டேன்.

கத்திரி, களைக்கொத்தி, சுத்தியல், ஸ்பேனர் எல்லாம் வேப்பமரத்தடியில் சந்தனமும் குங்குமமும் வைத்து வரிசையாகக் கிடக்கின்றன. ஆயுத பூஜையன்று சாமி முன்னால் வைத்ததை எடுக்கலாமா? பை குழாயடியில் மாட்டிக் கிடக்கிறது.

வராந்தாவில் எங்கள் முதலாளி, சாப், நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். வெளியூர் போனவர் நேற்றுத்தான் திரும்பினார். தசராவுக்குள் அய்யாசாமி தேறி வண்டி ஓட்டினால் அவரே மாலி, தோட்டக்காரர்; இல்லாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாளைக்குத் தசரா.

டி.பி. குணமாகி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது, ஆணியில் மாட்டிய சட்டை மாதிரிதான் இருந்தார் இவர். இளைச்சுட்டீங்களே என்று டில்லியில் நாங்கள் குடியிருக்கும் மதராசி கேம்ப்பில் யாராவது வாய் திறந்தால் போதும், அன்றைக்குச் சோறு இறங்காது.

வண்டியோ, சாப் ஏதோ தூதரக ஏலத்தில் எடுத்த கிழடு. என்ன கம்பெனி, எந்த வருஷம், ஒருத்தருக்கும் தெரியாது. இவர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவரை ஒழுங்காகத்தான் ஓடியது. திரும்பி வந்து ஏறினதும் முரண்டு பிடித்தது. சாவி போட்டால் உறுமும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் பொசுக்கென்று நின்றுவிடும்.

பிளக் மாற்றினார். பெட்ரோல் டியூபைக் கழற்றி ஊதினார். எலுமிச்சை மிளகாய்கூடக் கட்டிப் பார்த்தார். ம்ஹூம். சாப்பின் டிரைவர் ஏறினால் மட்டும் அது சமர்த்தாக ஓடும். வண்டிக்குக்கூட என்னைப் பிடிக்கவில்லை என்று இவர் மூலையில் உட்கார்ந்துவிட்டார்.

போகல் கடைத்தெருவிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தோம். வண்டியின் பேரையாவது கண்டுபிடிக்கலாம் என்று அவன் சீட்டைத் தூக்கினான். கம்பெனித் தகடு இருந்தது, எழுத்துத்தான் இல்லை, எல்லாம் துரு. ஆனால் பக்கத்தில் ஒரு கறுப்பு பட்டன் இருந்தது. ஆள் உட்கார்ந்து அது அமுங்கினால்தான் இன்ஜின் ஓடுமாம். ஆள் தவறி விழுந்தால் பிளேடு நிற்பதற்காக வைத்ததாம்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னான். பட்டனில் பழுதில்லை அக்கா, அண்ணனுக்குத்தான் கனம் பத்தவில்லை.

ஒயரைச் சேர்த்து முறுக்கிவிட்டால் யார் ஏறினாலும் ஓடும், செய்யட்டுமா என்றான். வேண்டவே வேண்டாம் என்றேன். இவர் மயங்கி விழுந்தால் அந்த வண்டி நிற்கணுமே! இவரிடம் மூச்சு விடாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பினேன்.

மாலின்னா ஆயுதத்தோடதான் வண்டி ஏறணும் என்று மறுநாள் ஒரு கதை அளந்தேன். இரும்புச் சாமானையெல்லாம் பழைய கான்வாஸ் பையில் போட்டு அவர் தோளில் மாட்டிவிட்டேன். வண்டி ஓடியது. மெக்கானிக் கைராசிக்காரன் என்று இவர் சொல்ல, நானும் ஆமாம் போட்டேன்.

கொஞ்ச நாளில் நான் சாப் வீட்டு அடுப்படியை விட்டு வருவதற்குள் தானே பையை மாட்டிக்கொண்டு ஏறிவிடுவார்.

சாப்பின் மனைவி மேம்சாப் இவருக்குத் தினமும் பால் கொடுத்தார், மகராசி. வெங்காயம் யானை விலை விற்ற வருஷம் அது. அப்படியும் ஆட்டுக்கால் சூப்பில் நான் வெங்காயத்தைக் குறைக்கவில்லை.

இப்போது இவர் வெறும் தோளோடு சாவியைத் திருப்புகிறார். வண்டி உறுமியது. பையை மாட்டிக்குங்க என்று கத்தினால் சாப் முன்னால் எல்லாம் வெட்டவெளிச்சம். கத்தாவிட்டால் வேலை போச்சு.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். முருகா என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் நிற்கவில்லை.

எலுமிச்சம்பழங்கள் பச்சக் பச்சக்கென்று நசுங்கின. கண்ணைத் திறந்தால், இவர் ரோஜாப் பாத்தியைச் சுற்றித் திரும்பிக்கொண்டிருக்கிறார். சாப் எழுந்து நின்று கை தட்டுகிறார்.

குழாயடிக்குப் போய்ப் பையைப் பிடித்துக்கொண்டேன். சாமான் எல்லாம் மரத்தடியில் இருந்தும் அது உப்பலாக இருந்தது. தூக்கினால் கனமே இல்லை. திறந்து பார்த்தேன், உள்ளே முழுக்கக் காய்ந்த புல்.

வண்டி என் பக்கத்தில் வந்து நின்றது. அவர் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"அந்த மெக்கானிக் என்கிட்டயும் சொல்லிட்டான், ராஜாத்தி. தினம் ஒரு சாமானா எடுத்துட்டு அதுல புல்லை அடைச்சேன். ஒரு வாரமா வெறும் புல்லுதான்."

அடப்பாவி மனுஷா என்று முதுகில் ஒன்று வைக்கத் தோன்றியது. அழுகைதான் வந்தது. பால் கொடுத்த மேம்சாப்புக்கா, மருந்து கொடுத்த டாக்டருக்கா, வாயை மூடத் தெரியாத அந்த மெக்கானிக்குக்கா, யாருக்கு முதலில் நன்றி சொல்வது?

வண்டியையே கையெடுத்துக் கும்பிட்டேன். பூஜைக்குத்தான் கும்பிடுகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.