கிரகணம் பார்த்த குற்றம்

“ரத்தம் தரமாட்டன், டொக்டர். இனி இதுக்கெண்டு வராதேங்கோ.”

தேத்தண்ணியை முன்னால் வைத்துவிட்டு துஷ்யந்தி சொன்ன விதத்தில் ஷிஹாராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாளிகாவத்தையிலிருந்து வெள்ளவத்தைக்குக் கொழும்பின் காலி வீதி நெரிசலில் இது மூன்றாவது அலைச்சல். கேட்டது என்ன, ஈரலா, சிறுநீரகமா? ஒரு சின்னக் குழாய் இரத்தம்.

அதுவும் யாருக்காக? பெற்ற மகளுக்காக. மிதுனாவுக்குப் பிறவியிலேயே மூளைக்கு அடியில் இருக்கிற கபச்சுரப்பி சரியாக வளரவில்லை. மருந்து நின்றால் உயிருக்கே ஆபத்து. இரத்தத்திலிருந்து ஸ்டெம் செல் உண்டாக்கி, அதை ஆய்வுகூடத்தில் கபச்சுரப்பியாக வளர்த்துப் பார்த்தால் வளர்ச்சி எங்கே பிசகியது என்று பிடித்துவிடலாம். மிதுனா எப்போதோ கொடுத்துவிட்டாள். ஒப்பிட்டுப் பார்க்கத் தாயின் இரத்தமும் வேண்டும். தகப்பன் உயிரோடு இல்லை.

முதலில் விரதம் என்றாள். பிறகு ஊசி பயம் என்றாள். மகளுக்குத் தினமும் தன் கையாலேயே ஊசி போடுகிற மனுசிக்கு ஊசி பயமாம்!

வாய்க்கு வந்ததைச் சொல்கிற குடும்பம் வேறு. கண்டியில் தனியாக இருந்தவள், வயிற்றில் பிள்ளையோடு கிரகணம் பார்த்துப்போட்டாள், அதுதான் பிள்ளைக்கு இப்படி என்று, நல்லது கெட்டது எங்கே நடந்தாலும் புருஷனின் தமக்கை சபையில் சொல்லிக்காட்டுவாளாம். துஷ்யந்தி ஒருநாளும் மறுத்ததில்லை. “ஓம், பாத்தனான்” என்று தலையைக் குனிந்துகொள்வாளாம். மிதுனாதான் இதை ஷிஹாராவிடம் சொல்லியிருந்தாள்.

இன்றைக்கு ஷிஹாரா அதையே எடுத்தாள்.

“ஒங்கள்ல பிழை இல்லன்டு காட்டத்தான் கேக்குறன், ஆன்டி. கிரகணத்தால இந்த வருத்தம் வாறதில்ல. அந்தப் பழிய ஏன் சொமக்கிறீங்க?”

“பழி என்ரை தலையிலையே கிடக்கட்டும், பிள்ளை.” துஷ்யந்தி ஆறிப்போன தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

இவளெல்லாம் ஒரு தாயா? ஷிஹாரா பையைத் தூக்கிக்கொண்டு, போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் வெளியேறினாள். மிதுனா லிஃப்ட்வரை பின்னால் ஓடிவந்தாள்.

“ஒங்கட அம்மாவுக்கு ஒங்க மேல கொஞ்சமாவது பாசம் இருக்கா?” ஷிஹாரா கேட்டே விட்டாள்.

வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று மிதுனா திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“அம்மாவுக்கு ஏபி ரத்தம், எனக்கு ஓ. ஏபி தாய்க்கு ஓ பிள்ளை பிறக்காதெண்டு ஏ.எல். உயிரியல் படிக்கேக்கையே விளங்கிட்டுது. நான் அவ பெத்த பிள்ளை இல்லை, டொக்டர். அது எனக்குத் தெரியக்கூடாதெண்டுதான் ரத்தம் தராமல், பாக்காத கிரகணத்தைப் பாத்தனான் எண்டு இவ்வளவு காலமும் பழி ஏற்கிறா. எனக்குத் தெரியுமெண்டு மட்டும் அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”