இன்னும் சாப்பிடுகிறார்

ஆ ஹொக் இறந்த பிறகு வந்த முதல் சிங் மிங், சீனர்கள் இறந்தவர்களுக்குப் படைக்கும் நாள். வனஜா கணவரின் படத்துக்கு முன்னால் அவித்த மீனும் மீ நூடுல்ஸும் ஒரு கோப்பை டீயும் படைத்துவிட்டு, ஊதுபத்தி பாதி எரியும்வரை காத்திருந்தாள். பிறகு இரண்டு பிறைவடிவ மரத்துண்டுகளை எடுத்தாள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. வேறு வேறு பக்கமாக விழுந்தால், வந்தவர் சாப்பிட்டு முடித்தார் என்று அர்த்தம். அப்போது படையலை எடுத்துவிடலாம். அவரும் கிளம்பிவிடுவார். அடுத்த வருஷம்தான் வருவார். தன் அப்பாவுக்குப் படைக்கும்போது ஆ ஹொக் சொல்லிக் கொடுத்தது.

“அப்பா இருக்கறப்பவே ஒரு மணி நேரம் சாப்பிடுவாரு. இப்ப அவசரமே இல்ல, இன்னும் மெதுவாத்தான் சாப்பிடுவாரு,” என்றாள் மகள் மெய் யீ. “கேளுங்கம்மா, எனக்குப் பசிக்குது லா.”

வனஜா கண்ணை மூடிக்கொண்டாள். “போதுமாங்க?”

துண்டுகள் தரையில் விழுந்தன. ஒன்று தட்டை. ஒன்று வளைவு.

முதல் கேள்விக்கே சரி என்றுவிட்டார். அவள் கொஞ்ச நேரம் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு விரலால் வளைவு தெரிந்த துண்டை மெல்லப் புரட்டினாள். இப்போது இரண்டும் தட்டை.

“இன்னும் முடிக்கல,” என்றாள், திரும்பாமல்.

பின்னாலிருந்து மெய் யீ அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா கோப்பையில டீ ஆறிப்போச்சும்மா,” என்று எழுந்தாள். “சூடா ஊத்திட்டு வரேன்.”