பக்கத்து வீட்டு வேன்காரர்

“ஒன்பது பத்துங்க!”

“கடிகாரத்தைப் பார்க்காதே. அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனரைக் கொடு!” வேனுக்கு அடியிலிருந்து அவள் கணவனின் குரல் வந்தது.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் வேனைக் காட்ட வேண்டும். நோயாளிகளை ஏற்றி இறக்க மாத வாடகைக்கு ஒரே ஒரு வேன் எடுக்கிறார்கள். மூன்று மாதமாகச் சவாரியே இல்லாத வீடு. இன்று பார்த்து ஸ்டார்ட்டர் மோட்டார் கையை விரித்துவிட்டது. கடை திறக்கும் முன்பே போய் நின்று வேறொன்று வாங்கி வந்திருந்தாள்.

பக்கத்து வீட்டு வேன்காரர் வாசற்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். அவரையும் அதே ஆஸ்பத்திரியில் அதே பத்து மணிக்குத்தான் அழைத்திருந்தார்கள்.

“என்ன தம்பி, மோட்டாரை மாட்டுறியா, தாலாட்டுறியா?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பள்ளிக்கூடச் சவாரி இருந்தும் இந்த மனுஷனுக்கு ஆசை அடங்கவில்லை. இதில் நக்கல் வேறு!

“மேல் போல்ட் சிக்கவே மாட்டேங்குது!” அடியிலிருந்து முனகல்.

“கண்ணால தேடினா கிடைக்காது. விரலால தேடு!”

“நீங்க கிளம்புங்கண்ணே. உங்களுக்கு நேரமாகுதில்ல?” என்றாள் வெடுக்கென்று.

“எனக்கென்னம்மா அவசரம்? கூத்தே இங்கதானே நடக்குது!”

போல்ட் ஏறியது. அடுத்ததும் ஏறியது. மோட்டாரில் வயரை முடுக்கிவிட்டு, முகமெல்லாம் கிரீஸோடு ஓடிவந்த கணவன் சாவியைத் திருப்பினான்.

சத்தமே இல்லை.

அவள் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

வேன்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். “வேலைக்கு முன்னால கழற்றி வெச்ச பேட்டரி வயரை யாரு மாட்டுறது? உன் மாமனாரா?”

கணவன் தலையில் அடித்துக்கொண்டான். மாட்டினான். மறுபடி சாவி.

வேன் உறுமியது!

“ஏறு, ஏறு! பத்து நிமிஷத்துல போயிடலாம்!”

தரையில் கிடந்த ஸ்பேனர்களை அள்ளக் குனிந்தவளுக்குப் பின்னால் இன்னொரு இன்ஜின் சத்தம். அவரும் கிளப்பிவிட்டார். முந்தப் பார்க்கிறாரா?

வெடுக்கென்று திரும்பினாள். ஓட்டுநர் இருக்கையில் அவர் போனைக் காதில் அழுத்திக்கொண்டு, இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்திக்கொண்டிருந்தார்:

“ஆஸ்பத்திரிங்களா? எனக்காகக் காத்திருக்காதீங்க சார். என் வேன் ஸ்டார்ட்டே ஆகல!”