எண் கட்டிய பை

"தலையணை உறை பன்னிரண்டு மடிச்சாச்சு சார். டம்ளர் ரெண்டு கழுவியாச்சு. இன்னிக்கு அழவே இல்ல."

வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஒப்பித்துவிட்டு நின்றாள் எட்டு வயதுக்காரி. தினமும் சாயங்காலம் இதே பாட்டுதான். சலவைக்கடைக்காரருக்குக் கேட்கவே என்னவோ போலிருந்தது. அவள் ஒன்றும் வேலைக்கு வந்தவள் அல்ல. நான்கு மாதத்துக்கு முன் நீதிபதி முன்னால் கையெழுத்துப் போட்டு, அவரும் மனைவியும் தத்தெடுத்த மகள்.

கொடியெங்கும் வெள்ளை விரிப்புகள் மெல்ல அசைந்தன. அந்தி வெளிச்சமும் நீராவியும் கலந்ததில், கடை தரையைவிட்டுச் சற்று மேலே மிதப்பதுபோல் இருந்தது. அப்போதுதான் வாசலோரம் அவளுடைய பையைப் பார்த்தார். எல்லா உடுப்பும் அடுக்கித் தயாராக இருந்தது. யார் துணி என்று தெரிவதற்காகக் கடையில் கட்டும் எண் துண்டு ஒன்று அதன் கைப்பிடியில் தொங்கியது. அதில் அவள் முன்பிருந்த குழந்தைகள் காப்பகத்தின் பெயரை எழுதியிருந்தாள்.

இது எதற்கு என்று கேட்டார்.

"இங்க வர்றதெல்லாம் வெளுத்து, மடிச்சு, திருப்பித்தானே அனுப்புறீங்க?"

அவர் பையருகே போனார். துண்டை அவிழ்த்துக் குப்பையில் போட்டார். அவளைத் தூக்கி இஸ்திரி மேசைமேல் உட்கார வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை சபையில சொல்றாங்கல்ல, கடவுள் நம்மளத் தத்தெடுத்திருக்காருன்னு? நாம வேலை பார்த்துக் காட்டியா அவருக்குப் பிள்ளையானோம்? நீயும் அப்படித்தான். செஞ்சாலும் என் மக, செய்யாட்டியும் என் மக. இனிமே ஒப்பிக்கக் கூடாது."

தலையாட்டினாள். நம்பினாளா இல்லையா, அவருக்குத் தெரியவில்லை. மனைவி வந்து பையைக் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் கொண்டுபோய், உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தாள். அதைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள் சிறுமி.

கடையைச் சாத்தியதும், வழக்கம்போல விரிப்புகளுக்கு நடுவே முழங்காலிட்டார்.

"ஆண்டவரே, இன்னிக்கு யார்மேலயும் எரிஞ்சு விழல. ஆஸ்பத்திரி விரிப்பெல்லாம் சும்மாவே வெளுத்துக் கொடுத்தேன். காலையில ஜெபம் விட்டுப்போச்சு, நாளைக்குச் சேர்த்துப் பண்ணிடறேன். என்னைத் தள்ளிடாதீங்க."

பக்கத்து விரிப்பு விலகியது. ஒரு சின்னக் கை அவர் தோளைத் தொட்டது.

"அப்பா... உங்களையும் அவரு திருப்பி அனுப்பிடுவாரா?"